ஒரு கொண்டிக்கு ஐந்து தேர்தல்

இந்தத் தேசத்தில் இதுவரை தேர்தலில் நின்ற அத்தனை பேரிலும் மிகக் குறைவாக வாக்குறுதி கொடுத்தவள் கொண்டிதான் என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். ஒன்றே ஒன்று கொடுத்தாள். அதன் நீளம் மூன்று அங்குலம்.

எழுபதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில், தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் கல்லூரி இருந்தது. தனியார் நிர்வாகம். ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள். வெகுகாலம் ஆண்கள் மட்டுமே படித்த இடம். நாங்கள் சேர்வதற்குச் சில வருஷம் முன்னால்தான் பெண்களையும் சேர்க்கலாம் என்று நிர்வாகம் பெரிய மனசு பண்ணியது. பண்ணிய கையோடு, கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து 'லேடீஸ் ரூம்' என்று பலகை மாட்டியது. அதன் கோடியில் ஒரு கழிப்பறை. கழிப்பறைக்கு ஒரு கதவு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

எங்களுக்கு முந்திய பெண்கள் இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவள் பாடவேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பாட வராதவர்கள் எதையாவது ஒப்பிக்கலாம். நான் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துப் பெண். அங்கே பிறந்தவளுக்குப் பாட வராது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு வராது. ஆகவே எகனாமிக்ஸ் நோட்டைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, விலை ஏறினால் தேவை குறையும், விலை குறைந்தால் தேவை ஏறும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் பெண்களெல்லாம் எகனாமிக்ஸில் பிரமாதமாக மார்க் வாங்கியதற்குக் காரணம் எங்கள் லெக்சரருக்குக் கடைசிவரை தெரியாது.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அது வேடிக்கையாக இல்லை. பாதிப் பேர் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, கடைசி மணி அடித்ததும் வீட்டைப் பார்த்து ஓடுவார்கள். பெண்கள் எங்கும் நின்று அரட்டை அடிக்காமல் ஒழுங்காக வீட்டுக்குப் போகிறார்கள் என்று பிரின்சிபால் மேடையிலேயே பாராட்டினார். நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண் இப்படி அடக்கி அடக்கியே நோவில் விழுந்து, ப்ரீ-டிகிரியின் மூன்றாவது மாசம் படிப்பையே விட்டுவிட்டாள். அவள் கொண்டியின் பக்கத்து இருக்கைக்காரி.

கொண்டி அதுவரை கொண்டி இல்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த ஏதோ ஒரு பெயர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். ஒல்லியாக, உயரமாக, எதிரே நிற்பவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுகிற பழக்கம் உடையவள். அந்த வயதில் அது ஒன்றே அவளைக் கிறுக்கு என்று சொல்லப் போதுமானதாக இருந்தது.

பக்கத்து இருக்கை காலியான மறுநாள், டிபன் பாக்ஸோடு ஒரு தாழ்ப்பாளும் ஸ்குரூ டிரைவரும் கொண்டுவந்தாள். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் முடுக்கிவிட்டாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் தாழ்ப்பாளைக் கொண்டி என்பார்கள். "கொண்டி போட்டாச்சு பிள்ளே, இனி ஒருத்தியும் பாடாண்டாம்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பெயர்.

தாழ்ப்பாள் ஒன்றரை நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கதவில் நாலு ஓட்டைகள்தான் இருந்தன. கல்லூரிச் சொத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்ததாக அவளுக்கு மெமோ வந்தது. ஆபீசுக்குப் போனோம். எங்கள் சூப்பிரண்டு மலையாளி. தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஒன்று பேசுவார்.

"குட்டி, ஞான் ஒண்ணு கேக்கட்டே. உள்ளே போயிட்டு ஒரு குட்டி மயங்கி விழுந்தா, ஆரு தொறக்கும்? அந்த ரெஸ்பான்ஸிபிலிட்டி ஆருக்கு?"

கொண்டி முழுக்கக் கேட்டாள். "சார், உங்க ரூமுக்குக் கொண்டி உண்டா?"

"உண்டு."

"நீங்க மயங்கி விழுந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும்படியும், அந்த அறை கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் கட்டிடத்தில் இருப்பதால் அதன் தலைவர் சிபாரிசு வேண்டுமென்றும் சொன்னார். கெமிஸ்ட்ரித் தலைவர், கதவு ஒரு சோதனைக்கருவி அல்ல என்பதால் தம்மால் சிபாரிசு செய்ய இயலாது என்று எழுதித் திருப்பினார். பிரின்சிபால் நிர்வாகத்துக்கு அனுப்பினார். நிர்வாகம் பிரின்சிபாலுக்கு அனுப்பியது.

"ஒங்க கடையிலே டஜன் கணக்கா கெடக்கே. தெனம் ஒண்ணு போடு. எத்தனை நாளைக்குப் பிடுங்குவா?" என்று நான் யோசனை சொன்னேன்.

"எட்டு சைஸில இருக்கு. அதில்ல காரியம். நான் போட்டா அது எனக்க கொண்டி, பிடுங்கத்தான் செய்வான். காலேஜ் போட்டா அது காலேஜுக்க கொண்டி. நாம போன பெறகும் கெடக்கும் பாத்துக்கோ."

அதற்கு என்ன வழி என்று யோசித்து அவள் கண்டுபிடித்ததுதான் தேர்தல். அந்தக் காலத்து எங்கள் கல்லூரித் தேர்தலைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று இரண்டு கோஷ்டி. இரண்டுக்கும் பாரத தேசமே ஒரு சின்ன விஷயம். இந்தச் சமர்க்களத்தில், ப்ரீ-டிகிரி முதல் வருஷத்துப் பெண், சேர்மன் பதவிக்கு மனுப் போட்டாள். பெண்களுக்கென்று லேடி ரெப் பதவி ஒன்று இருக்கிறதே, அதற்கு நில் என்று எல்லோரும் சொன்னார்கள். "கொண்டி வைக்கச் சொல்ல சேர்மனுக்குல்லா அதிகாரம்?" என்றாள். முன்மொழிந்து கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். கதவைப் பிடித்த கை என்பதால் நான் போட்டேன்.

நோட்டீஸ் போர்டில் என் பெயரைப் பார்த்த யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு கம்பெனியில் அக்கவுண்டண்ட். அரசியல் என்ற சொல்லைக் கேட்டாலே வாசற்கதவைச் சாத்துகிறவர். "என்னடி இது, நம்மாத்துப் பேரு போர்டுலே ஒட்டியிருக்காமே. எந்தக் கட்சி?" என்றார். "கட்சியில்லேப்பா, தாழ்ப்பா" என்றேன். அப்பா நேரே அம்மாவிடம் போய் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார்.

வேட்பாளர்கள் பேசுகிற நாள். போர்ட்டிகோவில் மைக். சிவப்பு வேட்பாளர் வியட்நாமிலிருந்து அமெரிக்காவை முக்கால் மணி நேரம் விரட்டினார். நீல வேட்பாளர் ஜனநாயகத்தைக் காப்பாற்றினார். கொண்டி ஏறியதும் பையன்கள் ஊளையிடத் தொடங்கினார்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊளை ஓய்ந்ததும், "தீர்ந்நோ? இனியும் உண்டோ?" என்று மலையாளத்தில் மரியாதையாகக் கேட்டாள். இன்னொரு முறை ஊளையிட்டார்கள். அதற்கும் காத்திருந்தாள். பிறகு நாஞ்சில் ராகத்தில் மலையாளம் பேசினாள். வியட்நாமில் யுத்தம் நின்றால் எல்லோரையும்போல அவளுக்கும் சந்தோஷம்தான், அதுவரை நம் கல்லூரியில் பெண்கள் அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும், நன்றி. அவ்வளவுதான். பெண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டோம். கழிப்பறையைப் பற்றி மைக்கில் பேசுகிறாளே என்று எங்களுக்கு மானம் போயிற்று.

ஓட்டு எண்ணினார்கள். கொண்டிக்கு ஒரு ஓட்டு.

இதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. சிவப்பு வேட்பாளர் தாடி வைத்திருந்தார். குரல் கம்பீரமாக இருந்தது. ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கியபோது என் கை தானாக அவர் பெயருக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை லேடீஸ் ரூமில் கொண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு எனக்க ஓட்டு" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "அப்போ நீயும் போடல்ல." நான் அழ ஆரம்பித்தேன். அவள், "செரி, அழாதே. அடுத்த வருஷம் போடு" என்று சொல்லி டிபன் பாக்ஸைத் திறந்து எனக்குப் பாதி அவியல் வைத்தாள். அன்றே அடுத்த தேர்தலுக்கான பிரசாரம் தொடங்கிவிட்டது.

இரண்டாம் வருஷம் இருபத்து மூன்று ஓட்டு. அதில் ஒன்று சத்தியமாக என்னுடையது. பி.ஏ. எகனாமிக்ஸில் இருவரும் சேர்ந்தே நுழைந்தோம். மூன்றாம் வருஷம் அறுபத்தொன்று. தோற்கத் தோற்க அவள் உற்சாகம் கூடிக்கொண்டே போயிற்று. ஆண்டு விழாவுக்கு வந்த பிரமுகர் பேசி முடித்து, யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று பண்பாகச் சொன்னால் போதும், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒல்லியாக ஒரு கை எழும்பும். பிரின்சிபால் நாற்காலியில் நெளிய ஆரம்பிப்பார்.

பாடத்திலும் விடவில்லை. அரசியல் பாடத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் லெக்சரர், அரசுக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள உறவை விளக்குக என்று டெஸ்ட் வைத்தார். கொண்டி ஆறு பக்கம் எழுதினாள். ஆறும் கதவு. விடைத்தாள் கொடுக்கிற நாளில் அவர் வகுப்பைச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணி அதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். உள்ளே ஒரு மனுஷி, வெளியே ஓர் அரசு. நடுவில் இருப்பதை உள்ளே இருப்பவள் பூட்ட முடியவேண்டும், இல்லையென்றால் அவள் குடிமகள் இல்லை, பாடிக்கொண்டிருக்கிற ஒரு ஆள் என்று எழுதியிருந்தாள். முதல் பக்கத்துக்குச் சிரித்தோம். இரண்டாம் பக்கத்தில் அவர் குரல் இறங்கியது. மூன்றாம் பக்கத்திலிருந்து மனசுக்குள்ளேயே வாசித்தார். நாங்கள் நாற்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில், "இதில் சிலபஸுக்கு வெளியே ஏதாவது எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று சொல்லி, வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குப் போட்டார். அந்த வகுப்புப் பையன்களில் சிலர் அந்த வருஷமே அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

நான்காம் வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட இன்ஸ்பெக்ஷன் குழு வந்தது. எம்.ஏ. வகுப்பு தொடங்க அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள்தான் முடிவு செய்யவேண்டும். சூப்பிரண்டு சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தார். குரோட்டன்ஸ் தொட்டிகளை வாடகைக்குக் கொண்டுவந்து அடுக்கினார். கொண்டியை எங்காவது ஒதுக்கி வைக்கவேண்டுமே என்று யோசித்து, கையில் பூச்செண்டைக் கொடுத்து வரவேற்பில் நிறுத்தினார். பூச்செண்டு பிடித்த கையால் மனுக் கொடுக்க முடியாது என்பது அவர் கணக்கு.

குழுவில் ஒரு பெண் புரொபசர் இருந்தார். கனமான பட்டுப்புடவை, மூக்குக் கண்ணாடி, சிரிப்பே இல்லாத முகம். பூச்செண்டை வாங்கிக்கொண்ட கையோடு, பெண்கள் அறை எங்கே என்று கொண்டியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். சூப்பிரண்டின் முகம் அடித்த வெள்ளையைவிட வெளுத்தது.

கொண்டி மரியாதையாக அழைத்துப் போனாள். நானும் பின்னால் போனேன். "டீச்சர், கொண்டி இல்ல. நாங்க வெளியில நிக்கோம். ஆனாலும் டீச்சர் பாடிட்டிருக்கணும். அதுதான் இங்கத்தெ ரூல்" என்றாள்.

"என்ன பாடணும்?"

"டீச்சருக்கு இஷ்டமானது. பாட்டு வராதுன்னா, ஏதாவது பாடம் சொன்னாலும் போதும்."

புரொபசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையன் ஒருவன் அந்தப் பக்கமாக விசிலடித்துக்கொண்டு போனான். அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பிறகு ஒரு கீர்த்தனை எழும்பியது. என்ன குரல் அது. ஆலாபனை இல்லாமல் நேராகப் பல்லவியில் இறங்கி, அனுபல்லவிக்கு ஏறியபோது கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட் பிடித்திருந்தவர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். வராந்தாவின் மறுகோடியில் பிரின்சிபால், சூப்பிரண்டு, மீதி இரண்டு குழு உறுப்பினர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சரணம் முடியும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

புரொபசர் வெளியே வந்தார். கையைக் கழுவிக்கொண்டு கொண்டியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அறிக்கையில் என்ன எழுதினாரோ, இரண்டு மாசத்தில் நிர்வாகம் விழித்துக்கொண்டது. தாழ்ப்பாள் வந்ததா என்றால், இல்லை. பெண்களுக்கென்று தனியாக இரண்டு மாடிக் கட்டிடம் கட்டுவதாக அறிவித்து, மேளம் வைத்து, ஒரு பெரிய மனிதரைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கல் பளபளவென்று இருந்தது. அதன்பின் அங்கே ஆடுகள் மட்டும் மேய்ந்தன.

"நான் கேட்டது இரும்பு. தந்தது கல்லு" என்று அந்த வருஷம் மைக்கில் சொன்னாள். பையன்கள் ஊளையிடவில்லை, கை தட்டினார்கள். நூற்று நாற்பது ஓட்டு. அந்த முறையும் தோற்றாள்தான். ஆனால் பெண்கள் யாரும் தலையைக் குனியவில்லை. நான் பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றே கை தட்டினேன். அப்பா தெரிந்துகொண்டும் தெரியாதவர்போல் இருந்தார்.

ஐந்தாம் வருஷம் காற்று திரும்பியது. கொண்டிக்குப் போகிற ஓட்டைப் பார்த்துப் பயந்து இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் போஸ்டரில் தாழ்ப்பாளைச் சேர்த்துக்கொண்டார்கள். உலக சமாதானம், வேலைவாய்ப்பு, தாழ்ப்பாள் என்று வரிசையாகச் சிவப்பிலும் நீலத்திலும் சுவர் முழுக்க எழுதியிருந்தது. பிரின்சிபாலுக்குப் பொறுக்கவில்லை. கல்லூரியின் பெயர் இப்படி ஒரு கதவில் மாட்டிக்கொண்டு தொங்குவதை அவர் விரும்பவில்லை.

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம், சாலைக் கடைத்தெருவில் கடையடைத்து வீட்டுக்கு வந்த கொண்டியின் அப்பா அவளிடம் சொன்னாராம்: "ஒங்க காலேஜ் சூப்பிரண்டு சார் வந்து ஒரு கொண்டி வாங்கிட்டுப் போனாரு. மூணு இஞ்சு. நல்லது பாத்துத் தரணும்னு நாலு தடவை சொன்னாரு."

திங்கட்கிழமை காலையில் லேடீஸ் ரூம் நிரம்பி வழிந்தது. கதவில் புத்தம்புதுத் தாழ்ப்பாள். யாரும் தொடவில்லை. கொண்டி வரட்டும் என்று நின்றோம். வந்தாள். உள்ளே போனாள். சட்டென்று ஓர் இரும்புச் சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. பாட்டில்லை, பாடமில்லை, விலையில்லை, தேவையில்லை. ஐந்து வருஷத்தில் அந்த அறையில் அப்படி ஒரு நிசப்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "எண்ணெ போட்டிருக்கான். நல்லா ஓடுது" என்றாள்.

பிறகுதான் கூத்து. ஓட்டுச் சீட்டு அச்சாகிவிட்டது; பெயரை வாபஸ் வாங்க முடியாது. கொண்டி வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிரசாரம் செய்தாள். "கொண்டி வந்தாச்சு. நான் கேட்டது கிட்டியாச்சு. இனி எனக்கு ஓட்டுப் போடாண்டாம். வேற ஆருக்காவது போடுங்கோ." பையன்கள் திகைத்துப் போனார்கள். தேர்தலில் நிற்கிற ஒருவர் கேட்டது கிடைத்துவிட்டது, போதும் என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. சிவப்புக் கட்சியின் தூண் ஒருவன் என்னிடம் வந்து, "இவள் இப்படிச் சொன்னால் நாங்கள் எப்படி வேறு யாருக்காவது போட முடியும்?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

கொண்டி நாற்பத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே. மாலையைக் கழுத்தில் போட விடவில்லை. "வேண்டாம்னு சொன்னேன்லா? நீ ஆருக்குப் போட்டே?" என்று என்னைத்தான் முதலில் பிடித்தாள். "ஒனக்குத்தான்" என்றேன். "எழவெடுத்தவளே, இனி ஒரு வருஷம் கூட்டத்துக்கெல்லாம் யாரு போறது?" என்றாள். ஆனால் போனாள். தாழ்ப்பாள் வந்ததும் பெண்கள் தைரியமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததில் குழாயடியில் வரிசை நீண்டுவிட்டது. அஸ்திவாரக் கல்லின் பக்கத்தில் இன்னொரு குழாய் போட வைத்தாள். சூப்பிரண்டு இந்த முறை விண்ணப்பத்தைக் கேட்கவே இல்லை. "குட்டி எழுதண்டா, ஞான் எழுதிக்கோளாம்" என்று தானே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். நெய்யாற்றின்கரைப் பெண்ணின் வீட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய், அவள் அப்பாவோடு இரண்டு மணி நேரம் பேசினோம். அடுத்த ஜூனில் அவள் மறுபடியும் ப்ரீ-டிகிரியில் சேர்ந்தாள்.

பரீட்சை முடிந்த கையோடு எனக்குக் கல்யாணமாகி மெட்ராஸ் வந்துவிட்டேன். கொண்டி பி.எட். முடித்து, பொன்முடி போகிற வழியில் கல்லாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. என் வீட்டுக்காரர்தான் பிரித்தார். மணமகளின் பெயரை வாசித்துவிட்டு, யார் என்று என்னைக் கேட்டார். அந்தப் பெயரில் எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மணமகளின் தகப்பனார், சாலை பஜார், இரும்பு வியாபாரம் என்று இருந்ததைப் பார்த்தபிறகுதான் மூச்சு வந்தது.

"இவ்வளவு தூரம் போகணுமா? ஒனக்குச் சொந்தமா?" என்றார் அவர்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போடப் போனேன்.